போட்டோ எலக்ட்ராலிசிஸ்: தமிழ்ல என்ன சொல்றது?

க்ரீன் ஹைட்ரஜன் பத்தி நியூஸ் வர்றப்பெல்லாம் "சோலார்ல தண்ணியைப் பிரிச்சு எரிபொருள் எடுக்கறாங்க"ன்னு ஒரே வரில முடிச்சுடறாங்க, ஆனா அதுக்குள்ள ரெண்டு வேற வேற வேலை இருக்கு. ஒண்ணு, மொட்டை மாடில இருக்கற அதே சோலார் பேனல்ல கரண்ட் எடுத்து, ஒயர் வழியா எலக்ட்ரோலைசர்ங்கற தனி மெஷினுக்குக் கொடுத்துப் பிரிக்கறது. இன்னொண்ணு, வெயில் வாங்கற பொருளையே தண்ணிக்குள்ள முக்கி வெச்சு, அது மேலயே பிரிச்சுடறது. போட்டோ எலக்ட்ராலிசிஸ்ங்கற பேரு ரெண்டாவதுக்குத்தான்.

இந்தப் பேர்ல இருக்கற மூணுமே கிரேக்கத் துண்டுங்க. போட்டோன்னா ஒளி. எலக்ட்ரோ வந்தது அம்பர்ங்கற கெட்டிப்போன மரப்பிசினோட பேர்ல இருந்து, அதைத் தேய்ச்சா தூசு துரும்பெல்லாம் வந்து ஒட்டும். லிசிஸ்னா அவிழ்க்கறது. வேலை முதல்ல நடந்துடுச்சு, பேரு அப்புறம்தான் வந்துச்சு: 1800லயே நிக்கல்சனும் கார்லைலும் வோல்டாவோட புது பேட்டரியை வெச்சு லண்டன்ல தண்ணியைப் பிரிச்சுட்டாங்க, எலக்ட்ராலிசிஸ்னு பேரு வெச்சது ஃபாரடே, 1834ல.

தமிழ்ல எலக்ட்ராலிசிஸுக்கு நம்ம ஸ்கூல் புக்ல மின்னாற்பகுப்பு, இலங்கைல மின்பகுப்பு. எனக்கு முதல் சொல்தான் பிடிக்கும், மின்னால் + பகுப்பு, ல் போய் ற் ஆகியிருக்கு, எது பிரிக்குதுங்கறதை அந்த "ஆல்" உருபே சொல்லிடுது. வீட்லயே பாக்கலாம், 9 வோல்ட் பேட்டரில ரெண்டு பென்சில் முனையை ஒயரால கட்டி, சமையல் சோடா கலந்த தண்ணில விட்டா ரெண்டு பக்கமும் குமிழி வரும், மைனஸ் பக்கம் கண்ணுக்கே தெரியற அளவு ஜாஸ்தியா வரும், அது ஹைட்ரஜன். (சாப்பாட்டு உப்பு போடாதீங்க, குளோரின் கிளம்பும்.)

இப்ப இதுல ஒளி எங்க வருது? 1972ல ஜப்பான்ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடை, அதாவது பெயின்ட்ல வெள்ளை கலருக்குப் போடுவாங்களே அதே பொருளை, தண்ணில வெச்சு புற ஊதா ஒளி அடிச்சாங்க, அதுல இருந்து ஆக்சிஜன், எதிர்ல இருந்த பிளாட்டினத்துல ஹைட்ரஜன். வெயில்ல புற ஊதா ரொம்பக் கொஞ்சம்தான், அதனால அப்படியே இதை வெச்சு எரிபொருள் செய்ய முடியாது. மத்த பொருளுக்குப் போனா வோல்டேஜ் இடிக்குது. தண்ணி பிரிய குறைஞ்சது 1.23 வோல்ட் வேணும், நடைமுறைல 1.6க்கு மேலயே போகும், ஒரு சிலிக்கான் செல் குடுக்கறதோ சுமார் 0.6. அப்ப மூணு நாலை வரிசையாக் கோக்கணும், இல்லைன்னா ரெண்டு வேற வேற குறைக்கடத்தியை (செமிகண்டக்டர்) ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். 1998ல அமெரிக்காவோட தேசிய ஆய்வகம் ஒண்ணுல டர்னரும் கசெலெவும் அப்படி அடுக்கிதான் விழற ஒளி ஆற்றல்ல 12.4 சதவீதத்தை ஹைட்ரஜனா எடுத்தாங்க. ஆனா நல்லா ஒளி வாங்கற பொருளெல்லாம் தண்ணில கிடக்கக் கிடக்க அரிச்சுப் போகுது, இன்னிக்கும் பெரிய தலைவலி அதுதான். அதனாலதான் பெரிய பிளான்ட்னு பேச்சு வந்தா எல்லாரும் பேனல் தனி, எலக்ட்ரோலைசர் தனின்னு போயிடறாங்க.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். முக்கி வெச்சுப் பிரிக்கறதுக்கு ஒளிமின்னாற்பகுப்பு. நீளம்தான், ஆனா சுருக்கறேன்னு ஒளிப்பகுப்புன்னு எழுதிடாதீங்க, அது போட்டோலிசிஸ், இலைக்குள்ள தண்ணி உடையறதைச் சொல்ல வேணும். ஒளிச்சேர்க்கைன்னும் போடாதீங்க, அங்க சர்க்கரை உண்டாகுது. பேனல்ல கரண்ட் எடுத்து மெஷின்ல பிரிச்சா வெறும் மின்னாற்பகுப்புதான், வேணும்னா முன்னாடி "சூரிய மின்சாரத்தால்"னு சேர்த்துக்கலாம். ஹைட்ரஜனுக்கு நீரகம், நீரியம், நீர்வளின்னு ஆளாளுக்கு ஒண்ணு எழுதறாங்க, இலங்கைல ஐதரசன், நான் ஹைட்ரஜன்னே எழுதிட்டுப் போயிடறேன்.