வெளிறிய வடிதாள்: நுண்துகள் தரத்தை ஒரு நகரம் தனியாக எட்ட முடியுமா?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர், வடசென்னைப் பகுதியில் 24 மணி நேரம் ஓடிய காற்று மாதிரிக் கருவியிலிருந்து எடுத்து வந்த வடிதாளை என்னிடம் நீட்டி, "சார், கருவி சரியாக ஓடவில்லை போலிருக்கிறது, தாள் வெள்ளையாகவே இருக்கிறதே" என்றார். புகை என்றால் கரி, கரி என்றால் கறுப்பு என்று நினைப்பது இயல்புதான். ஆனால் தாளை நுண்தராசில் வைத்தபோது அன்றைய அளவு தேசியத் தரத்தைத் தாண்டியிருந்தது. அயனிப் பகுப்பாய்வுக்கு அனுப்பினோம். தாளில் படிந்திருந்ததில் முதன்மையானது அம்மோனியம் சல்பேட் என்று தெரிந்தது. அது வெண்ணிற உப்பு. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் அது அந்த வடிவில் நேரடியாக வெளிவருவதில்லை, காற்றிலேயே பிறக்கிறது.

பொதுமக்களோடும் உள்ளாட்சி அலுவலர்களோடும் காற்று மாசு பற்றிப் பேச நேரும்போதெல்லாம் அந்த வெளிறிய தாளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நுண்துகள் தரத்தை எட்டுவதற்கான திட்டம் ஏன் ஒரு நகரத்தின் எல்லைக்குள் முடங்கிவிடக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று என் அனுபவத்தில் இல்லை.

முதலில் தரம் என்பது என்ன என்று பார்ப்போம். விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத துகள்களையே பிஎம் 2.5 என்கிறோம். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2009இல் அறிவிக்கப்பட்ட தரத்தின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இதன் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமையும் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகள் முறையே 5, 15 என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எங்கள் கருவி மணிக்கு ஒரு கன மீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. ஆகவே நாள் தரத்தின் உச்ச அளவில் ஒரு நாள் முழுவதும் வடிதாளில் சேரும் துகள்களின் எடை 1.44 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று, அதன் சுவரைக் கடந்து குருதியிலும் கலக்கக்கூடிய பொருள் என்பதால்தான் இவ்வளவு சிறிய எடைக்கு இவ்வளவு பெரிய சட்டமும் கண்காணிப்பும்.

சாலையில் கிளம்பும் பருமனான தூசி சில மணி நேரத்தில் தரையில் படிந்துவிடும். நுண்துகள் அப்படியன்று. மழையில் கரைந்தால் ஒழிய, நாள்கணக்கில், சில வேளை ஒரு வாரம்கூடக் காற்றில் மிதக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் காற்று ஒரே நாளில் 360 கிலோமீட்டர் போய்விடுகிறது, ஏறத்தாழச் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையிலான சாலைத் தொலைவு. இந்தப் பயணத்தினூடே வேதியியலும் நடக்கிறது. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடு, வெயிலிலும் மேகத்துளிகளிலும் மெல்ல மெல்லச் சல்பேட்டாக மாறி, உர வயல்களிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து உப்பாகிறது. மூலக்கூறு எடைகளை வைத்துக் கணக்கிட்டால், ஒரு டன் கந்தக டை ஆக்சைடு முழுவதும் மாறும்போது இரண்டு டன்னுக்குச் சற்று மேலான அம்மோனியம் சல்பேட் கிடைக்கும். புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் மின்னியல் வீழ்படிவுக் கருவி எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும், வாயுவாகத் தப்பிப் போவதை அது பிடிக்காது.

ஏரியைத் தூர்வாருவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி ஒரு ஊரில் இருக்கும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால்கள் பத்து ஊர்களில் ஓடும். கரையை மட்டும் பலப்படுத்திவிட்டு, மேலே சாயக் கழிவு கலப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஏரி தெளியாது. காற்றுக்கும் அப்படியொரு படுகை உண்டு. மலைகளும் கடற்கரையும் காற்றின் போக்கும் சேர்ந்து வரையறுக்கும் அந்தக் காற்றுப்படுகைதான் திட்டத்தின் அலகாக இருக்க வேண்டும்.

தில்லி இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அங்கே குளிர்கால நுண்துகள்களின் மூலங்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வொன்று, தில்லியின் சொந்த உமிழ்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றும், மீதி சுற்றியுள்ள தலைநகர் வட்டார நகரங்களிலிருந்தும் அதற்கும் அப்பாலிருந்தும் வருகிறது என்றும் காட்டியது. அப்படியானால் தில்லி அரசு தன் எல்லைக்குள் ஒரு வண்டியையும் ஓடவிடாமல் நிறுத்தினாலும் தரம் எட்டாது. 2020 அக்டோபரில் அவசரச் சட்டத்தின் மூலமும், 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமும் அமைக்கப்பட்ட காற்றுத்தர மேலாண்மை ஆணையத்துக்குத் தில்லி, பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய ஐந்தின் மீதும் ஆணையிடும் அதிகாரம் தரப்பட்டது இதனால்தான். ஆணையம் அமைந்துவிட்டதால் வானம் தெளிந்துவிடவில்லை. ஆனால் காற்றின் எல்லையை ஒட்டிச் சட்டத்தின் எல்லையும் வரையப்பட வேண்டும் என்பதை இந்தியச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

வட்டாரத் திட்டம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது கலிஃபோர்னியாவின் சான் வோக்கின் பள்ளத்தாக்கை. கிழக்கே சியேரா நெவாடா, மேற்கே கடலோர மலைத்தொடர், தெற்கே டெஹாச்சபி மலைகள் என்று மூன்று பக்கமும் அடைபட்ட நீண்ட தொட்டி அது. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிடும்போது, வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அங்குள்ள ஏராளமான பால் பண்ணைகளின் அம்மோனியாவும் சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட்டாகக் குவிகின்றன. (நம் ஊர் வெப்பத்தில் இந்த உப்பு வடிதாளிலிருந்தே ஆவியாகிப் போய்விடும். அளவெடுப்பவர்களுக்கு அது தனித் தலைவலி.) எட்டு கவுண்டிகளை (நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) ஒன்றாகக் கொண்ட ஒரே காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்ட அமைப்பு அங்கே ஆலைகளுக்கும் வீட்டுக் கணப்புகளுக்கும் விதி வகுக்கிறது. லாரிகளுக்கும் எரிபொருளுக்கும் மாநில வாரியம் பொறுப்பு. ரயில், விமானம் போன்றவை கூட்டாட்சி அரசின் கையில். இந்த மூவரின் பங்கும் ஒரே திட்ட ஆவணத்தில், ஒரே கணக்கில் வந்தாக வேண்டும்.

அந்தக் கணக்குதான் முக்கியம். எந்த மூலத்திலிருந்து எத்தனை டன் வெளியேறுகிறது என்ற உமிழ்வுக் கணக்கெடுப்பு, அவற்றைக் காற்றோட்டத்தோடும் வேதிவினைகளோடும் கோத்துப் பார்க்கும் கணினி மாதிரி, அதிலிருந்து எதை எவ்வளவு குறைத்தால் எந்த ஆண்டில் தரம் எட்டும் என்ற நிரூபணம், குறித்த கெடுவில் எட்டாவிட்டால் தானாகவே நடைமுறைக்கு வரும் மாற்று நடவடிக்கைகள் ஆகிய அனைத்தையும் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் கேட்கிறது. திட்டக் குறைபாடுகளைக் களையாத பகுதிகளுக்கு நெடுஞ்சாலை நிதியை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அதில் உண்டு. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பள்ளத்தாக்கு 1997ஆம் ஆண்டின் 15 மைக்ரோகிராம் ஆண்டுத் தரத்தையே எட்டுவதற்குப் பலமுறை கெடு தவறியது. 2024இல் அந்த நாட்டின் ஆண்டுத் தரம் 9ஆகக் குறைக்கப்பட்டது. அங்கே நடந்த வாதங்களில் என்னைக் கவர்ந்தது அம்மோனியாவைப் பற்றியது. அம்மோனியா மிகுதியாக இருப்பதால் அதைச் சிறிது குறைத்துப் பயனில்லை, பற்றாக்குறையாக உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதே துகளைக் குறைக்கும் என்பது மாவட்ட அமைப்பின் வாதம். பண்ணைகளைத் தப்பவிடுவதற்கான சாக்கு இது என்பது குடியிருப்போர் அமைப்புகளின் எதிர்வாதம். வேதியியலின்படி முதல் வாதத்தில் உண்மை உண்டு என்றே கருதுகிறேன். ஆனாலும் இப்படியொரு வாதம் நடப்பதற்கே முதலில் டன் கணக்கு பொதுவெளியில் இருக்க வேண்டும் அல்லவா?

நம் நாட்டில் 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரத்தை அலகாகக் கொண்டது. தமிழ்நாட்டில் தொடக்கத்தில் பட்டியலில் இடம்பெற்றது தூத்துக்குடி. துகள்களை 2017ஆம் ஆண்டின் அளவிலிருந்து 20 முதல் 30 விழுக்காடு குறைப்பது என்ற முதல் இலக்கு, பின்னர் 2025–26க்குள் 40 விழுக்காடு வரை என உயர்த்தப்பட்டது. ஆனால் நகரங்களின் செயல்பாட்டை அளக்கவும் நிதி வழங்கவும் எடுத்துக்கொள்ளப்பட்டது பிஎம் 10, அதாவது பருமனான தூசியையும் உள்ளடக்கிய அளவு. எதை அளக்கிறோமோ அதற்கே செலவழிப்போம். நிதியின் பெரும்பகுதி சாலைத் தூசியைக் கட்டுப்படுத்தவே போயிற்று: பெருக்கும் இயந்திரங்கள், நீர் தெளிக்கும் லாரிகள், நடைபாதை ஓரத்தில் சிமென்ட் தளம். தூசி குறைவது நல்லதே, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மேசைக்கு வந்த அந்த வெள்ளைத் தாளில் சாலைத் தூசி மிகச் சொற்பம்.

சென்னையையே பார்க்கலாம். எண்ணூருக்கு வடக்கே, மாநகராட்சி எல்லையைத் தாண்டியதும், திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டைச் சுற்றி வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் நிற்கின்றன. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் அவற்றின் புகைத்தாரை நகரத்தின் மேல்தான் வருகிறது. இரவில் நிலக்காற்று கடலுக்குத் தள்ளியதைப் பகலில் கடற்காற்று திருப்பிக் கொண்டுவருவதும் உண்டு. கடற்கரை நிலையங்களின் மணிவாரித் தரவுகளைக் காற்றுத் திசையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். மாநகராட்சி தன் நிதியில் ஆயிரம் பெருக்கும் வண்டிகளை வாங்கினாலும், எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு கொதிகலனின் மீது அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. போகி அன்று டயர் எரிப்பவரைத் தடுக்கும் அதிகாரம் மட்டும் இருக்கிறது, அதுவும் தேவையானதே.

அனல்மின் நிலையங்களுக்கான கந்தக டை ஆக்சைடு வரம்பு 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கந்தக நீக்கக் கருவிகள் பொருத்தப்பட வேண்டும் என்றார்கள். கெடு பலமுறை நீண்டது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்தோ தலைநகர் வட்டாரத்திலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு 2027 டிசம்பர் வரை கெடு தந்து, மிகவும் மாசடைந்த பகுதிகளையும் தரம் எட்டாத நகரங்களையும் ஒட்டியவற்றைத் தனித்தனியே ஆராயலாம் என்று கூறி, மற்ற பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக டை ஆக்சைடு தரத்துக்குள்தான் இருக்கிறது என்பவை இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் 10 கிலோமீட்டரைக் கடக்க 40 நிமிடம் போதும், அதற்குள் அந்த வாயுவில் மிகச் சிறு பகுதிதான் சல்பேட்டாக மாறியிருக்கும். மாற்றத்தின் பெரும்பகுதி அந்த வட்டத்துக்கு வெளியே, வேறொரு மாவட்டத்தில், வேறொரு மாநிலத்தில் நடக்கிறது. அங்கே அது கந்தக டை ஆக்சைடு என்ற பெயரில் அளக்கப்படுவதில்லை, நுண்துகள் என்ற பெயரில் அந்த ஊரின் கணக்கில் ஏறுகிறது.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க வழி உண்டு. காற்று நகரத்துக்குள் நுழையும் பக்கத்தில், ஆலையும் நெடுஞ்சாலையும் இல்லாத ஒரு கிராமத்தில், பின்னணி நிலையம் ஒன்றை நிறுவி, நகர நிலையத்தின் அளவிலிருந்து அதன் அளவைக் கழித்தால், வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, உள்ளே சேர்ந்தது எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். ஒரு திட்டக் கூட்டத்தில் இதற்கு இடம் கேட்டேன். "அங்கே ஜனத்தொகையே இல்லையே, கருவி எதற்கு?" என்றார் அலுவலர் ஒருவர், பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு. நிலையங்கள் மூன்றும் பேருந்து நிலையம், சந்தை, மருத்துவமனை வாசல் என்று நகரத்துக்குள்ளேயே அமைந்தன. மூன்றும் நன்றாகவே ஓடுகின்றன. மூன்று வடிதாள்களிலும் சல்பேட் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது.