சூத்லாச் செய்யுங்கள், ஓவனை மட்டும் நம்பிவிடாதீர்கள்

துருக்கி உணவகத்துக்குப் போய் வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மேலே கருகிய ஆடையோடு மண் கிண்ணத்தில் ஜில்லென்று வருகிறதே, அந்தப் பால் இனிப்பை வீட்டில் செய்ய முடியுமா? தாராளமாக முடியும். அதற்குப் பெயர் சூத்லாச். ஓவனில் வைத்து மேற்புறத்தைச் சிவக்க விட்டால் ஃபிரின் சூத்லாச். பால், அரிசி, சர்க்கரை, கொஞ்சம் அரிசி மாவு, அவ்வளவுதான் சாமான். ஆனால் வளைகுடா ஹோட்டல் சமையலறைகளில் உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் செய்முறை கேட்டு வருபவர்களிடம் வெறும் செய்முறையைக் கொடுத்து அனுப்ப மனம் வருவதில்லை.

துருக்கியில் இது விசேஷ நாளுக்கென்று காத்திருக்கும் பண்டம் இல்லை. முஹல்லெபிஜி என்று பால் இனிப்புகளுக்காகவே கடைகள் இருக்கின்றன. அடியைக் கருக்கி எடுக்கும் கசான்திபி, கோழி மார்புக்கறியை நார் நாராகப் பிரித்துப் பாலில் கரைத்துச் செய்யும் தவுக் கோக்சு ஆகியவற்றோடு சூத்லாச்சும் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும். (கோழிக்கறியில் இனிப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். சொல்லாமல் கொடுத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.) கருங்கடல் பக்கம் டிராப்சோன் மாகாணத்தில், சிகானா மலைப்பாதைக்குப் போகும் வழியில், ஹம்சிகோய் என்ற ஊர் சூத்லாச்சுக்காகவே பேர் வாங்கியது. மலைப் புல் மேயும் மாட்டின் பால், மேலே தூவிய ஹேசல்நட். வண்டியை நிறுத்தி ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

சரி, அளவு. ஆறு கிண்ணத்துக்கு ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பால், 100 கிராம் அரிசி, 150 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு. அங்கே பால்தோ போன்ற குண்டு அரிசி போடுவார்கள். நாம் பச்சரிசி போடலாம், நொய்யாக இருந்தாலும் நல்லதுதான். புழுங்கல் அரிசி வேண்டாம், பாஸ்மதியும் வேண்டாம். இரண்டும் பாலோடு குழைந்து ஒட்டாமல் பருக்கை பருக்கையாகத் தனியே நிற்கும்.

அரிசியைக் கழுவி முதலில் தண்ணீரில்தான் வேக வைக்க வேண்டும். விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். தண்ணீர் ஏறக்குறைய வற்றியதும் பாலை ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருபது நிமிடம் போல விடுங்கள். சர்க்கரை கடைசியில்தான். முன்பே போட்டால் அரிசி வேகாமல் அடம்பிடிக்கும். அரிசி மாவைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, கொதி வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். சூட்டில் மோர்க்குழம்பு பதத்தில் இருந்தால் போதும், ஆறினால் தானே இறுகிவிடும். பாயசம் போல இருக்கிறதே என்று பயந்து இன்னும் வற்ற விடுபவர்களுக்கு மறுநாள் கட்டிதான் கிடைக்கும்.

ஃபிரின் சூத்லாச்சுக்குச் சிலர் மாவோடு ஒரு முட்டை மஞ்சள் கருவும் சேர்ப்பார்கள். நிறமும் மினுமினுப்பும் கூடும். அந்தக் கரைசலில் முதலில் இரண்டு கரண்டி சூடான பாலை விட்டுக் கலக்கி, அப்புறம் பாத்திரத்தில் ஊற்றி, மறுபடி நன்றாகக் கொதிக்க விட வேண்டும். ஓவனில்தான் வேகப்போகிறதே என்று இந்தக் கொதியைத் தவிர்ப்பவர்கள் நிறைய. வேகாத மஞ்சள் கருவில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. கொதி பட்டால்தான் அது அடங்கும். அடங்காவிட்டால், ராத்திரி கெட்டியாக இருந்த சூத்லாச் காலையில் நீர்த்துப்போய்க் கிடக்கும். அப்படி நீர்த்த கிண்ணத்தைக் கண்டால், முட்டை சரியாக வேகவில்லையோ என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் சமையலறையில் துருக்கி உஸ்தா (கைதேர்ந்த சமையல்காரர்) ஃபிரின் சூத்லாச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிண்ணங்களை ஆழமான டிரேயில் அடுக்குவார். கிண்ணத்தின் பாதி உயரம் வரை பச்சைத் தண்ணீர் ஊற்றுவார். மேல் கிரில்லை முழுச் சூட்டில் வைத்து டிரேயை உள்ளே தள்ளுவார். பத்து நிமிடத்தில் ஆடை உப்பி, அங்கங்கே கருப்புத் திட்டு விழும். உடனே வெளியே எடுத்துவிடுவார். அந்தத் தண்ணீர் எதற்கு? அடியில் இருக்கும் பால் மறுபடி கொதித்துத் திரிந்துவிடக் கூடாது என்பதற்கு. அதாவது, உள்ளே சூடு ஏறக் கூடாது என்றே பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை அது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து கிரில்லுக்குப் போன கிண்ணத்தின் நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். மேலே கரியாகியிருக்கும், நடுவில் வெதுவெதுப்புக்கூட இருக்காது. ஓவன் நிறம் கொடுக்கும். அதைச் சமைத்த கணக்கில் சேர்க்க முடியாது.

இது ஏன் முக்கியம் என்றால், அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வயலிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. கொதிக்கும்போது பாக்டீரியா சாகும், அதன் வித்துகள் சாகாது. பாத்திரம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை முளைக்கத் தொடங்கும். முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும் சமையலறை அவற்றுக்கு ரொம்பப் பிடித்த இடம். வெந்த அரிசி, பால், சர்க்கரை, ஈரம் எல்லாம் ஒரே கிண்ணத்தில். இந்தப் பாக்டீரியாவில் சில வகைகள் பெருகும்போது செரியுலைட் என்ற நச்சை விடும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது அழியாது. நிறம், மணம், ருசி எதிலும் காட்டிக்கொடுக்காது. பால் திரிந்தால் மூக்கு சொல்லிவிடும், இது வந்தால் எதுவும் சொல்லாது.

நமக்குப் பாயசம் செய்து பழக்கம். பாயசத்தைச் சுடச்சுட ஊற்றிச் சாப்பாட்டோடு முடித்துவிடுவோம், மிஞ்சுவதும் குறைவு. சூத்லாச் இன்று செய்து, ஆற வைத்து, நாளைக்குச் சாப்பிடும் பண்டம். அதனால் பாயசத்தில் கவலைப்படாத ஒன்றை இங்கே கவனிக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் காய்ச்சி, பாத்திரத்தோடு மேடையில் மூடி வைத்து, காலையில் கிண்ணத்தில் ஊற்றி, மதியம் ஓவனில் வைத்து, “நன்றாகச் சுட்டாச்சு, ஒன்றும் ஆகாது” என்று பரிமாறுவார்கள். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி. எல்லோரும் பாலைத் திட்டுவார்கள், பாக்கெட் தேதியைப் பார்ப்பார்கள். நான் அப்போது முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு அடுப்பை அணைத்தீர்கள், எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜில் வைத்தீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. கொதித்த உடனே சின்னக் கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் பாத்திரம் ஆற மணிக்கணக்கில் எடுக்கும், அதே பாலை ஆறாகப் பிரித்தால் சீக்கிரம் ஆறும். ஓவனில் வைப்பதானால் அப்போதே, சூடு இருக்கும்போதே வையுங்கள். பிறகு ஐஸ் தண்ணீர் டிரேயில் இறக்கி, மூடாமல் ஃபேன் காற்றில் விடுங்கள். மண் கிண்ணமும் கண்ணாடிக் கிண்ணமும் ஓவன் சூட்டோடு ஐஸில் பட்டால் விரிசல் விடும், அதனால் அவற்றைக் கொஞ்சம் தணிய விட்டு இறக்கவும். ஹோட்டல்களில் நாங்கள் பிடிக்கும் கணக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்குக் கீழே, மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரி. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால், கிண்ணத்தின் அடியைத் தொட்டுச் சூடு தெரியாத நிலை வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அதுவும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல். சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று மணிக்கணக்கில் வெளியே வைப்பவர்களுக்கு: பெரிய குண்டானைக் கொதிக்கக் கொதிக்க வைப்பதுதான் தப்பு, வெதுவெதுப்பான சின்னக் கிண்ணத்தை ஃபிரிட்ஜ் தாங்கும். இரண்டு நாளில் சாப்பிட்டு முடியுங்கள். இஃப்தார் மேசையோ பிறந்தநாள் மேசையோ, வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் தாண்டியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

வாந்தி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சின்னக் குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மயக்கமாகக் கிடந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். அபூர்வமாக இந்த நச்சு கல்லீரலையே தாக்கியிருக்கிறது.

கிண்ணம் பற்றியும் ஒரு வார்த்தை. இஸ்தான்புல் கடைத்தெருவில் வாங்கிய பூ வேலைப்பாட்டுக் கிண்ணங்கள் பல அலங்காரத்துக்கு மட்டுமானவை. அவற்றின் மேல்பூச்சில் ஈயம் இருக்கலாம். அடியில் உணவுக்கும் ஓவனுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் ஓவனில் ஏற்றுங்கள், இல்லையென்றால் வீட்டுச் சாவிகளைப் போட்டு வைக்கும் கிண்ணமாக வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். மேலே சொன்ன அளவில் ஒரு கிண்ணத்துக்கு 25 கிராம். ஒரு நாளைக்கு அதற்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். 100 கிராமாகக் குறைத்தாலும் பதம் கெடாது. உஸ்தா ஒப்புக்கொள்ள மாட்டார், நான் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன். அப்புறம், மேலே ஹேசல்நட் தூவுவதற்கு முன்னால் வந்திருக்கும் பிள்ளைகளில் யாருக்காவது கொட்டை வகை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் தூவாமல் விட்டு, எளிய சூத்லாச்சுக்குப் போடுவது போல லவங்கப்பட்டைப் பொடி போட்டுக் கொடுங்கள்.