நெஞ்சில் கோத்த நீரை ஏன் ஒரேயடியாக எடுப்பதில்லை?

‘நுரையீரலில் தண்ணீர்’ என்று பேச்சில் சொல்கிறோம். பெரும்பாலும் அது நுரையீரலுக்குள் இல்லை. அதைச் சுற்றியுள்ள இரட்டை உறையின் இடுக்கில் தேங்குகிறது. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரிய ஏறக்குறைய 200 மி.லி. சேர வேண்டும். அல்ட்ராசவுண்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

பரிசோதனைக்கு என்றால் ஊசியால் 50 மி.லி. எடுத்தால் போதும். தொடர்ந்து வடிக்க வேண்டுமானால் ‘பிக்டெயில்’ குழாய். நுனி பன்றிவால் போலச் சுருண்டிருக்கும்; தடிமன் 4 முதல் 5 மி.மீ. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நோயாளி உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்து முன்பக்கம் சாய்ந்துகொள்வார். ஸ்கேனில் இடம் குறித்தபின் நிலையை மாற்றக்கூடாது. உடல் திரும்பினால் நீரும் நகர்ந்துவிடும். மரப்பு மருந்து தோலோடு நின்றால் போதாது, அதிகம் வலிப்பது உறைதான். ஊசி எப்போதும் விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே நுழையும். கீழ்விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நீர் வந்ததும் ஊசி வழியே மெல்லிய கம்பி, கம்பியின்மேல் துளையை அகலப்படுத்தும் கருவி, பிறகு குழாய். அகலப்படுத்தியை வேண்டியதற்கு மேல் உள்ளே தள்ளினால் நுரையீரலோ கல்லீரலோ கிழியலாம்.

‘இன்றைக்கே முழுசா எடுத்துடுங்க’ என்று கேட்காதவர் குறைவு. ஒரு தடவைக்குச் சுமார் 1.5 லிட்டரோடு நிறுத்துவதே வழக்கம். பல நாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்தால், இந்த முறை நுரையீரலுக்குள்ளேயே நீர் கசியக்கூடும். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். வடியும்போது விடாத இருமல், நெஞ்சு இறுக்கம், வலி வந்தால் அளவைப் பார்க்காமல் உடனே நிறுத்த வேண்டும். லேசான இருமல் மட்டும் என்றால் நுரையீரல் விரிகிறது என்று பொருள், பயமில்லை.

குழாயில் நீர் நின்றுவிட்டால் உள்ளே தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மடிந்திருக்கலாம், அடைத்திருக்கலாம். அடைக்காமலிருக்கத்தான் செவிலியர் அவ்வப்போது சலைன் செலுத்துகிறார். நீர் வடிந்து சேரும் பையோ பாட்டிலோ எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும். பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருந்தால் நெஞ்சிலிருந்து காற்றும் வெளியேறுகிறது என்று பொருள்; அப்போது குழாயைக் கவ்வி மூடக்கூடாது. வெளியேற வழியில்லாத காற்று நுரையீரலை அமுக்கும். குழாய் தற்செயலாகக் கழன்று வந்தால் திரும்பச் செருக வேண்டாம். சுத்தமான துணியால் துளையை மூடிப் பிடித்தபடி செவிலியரைக் கூப்பிடுங்கள்.