பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட சாவி

போன ஆடி மாதம் சித்தப்பாவின் போன் சட்டைப் பையிலிருந்து நழுவி வயற்காட்டுக் கிணற்றுக்குள் போய்விட்டது. புது போன் வாங்கி, பழைய நம்பரையே போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தோம். பேக்கப் கூகுள் டிரைவில் அப்படியே இருந்தது. ஆனால் திறப்பதற்கு 64 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்டது. "அதை அன்னைக்கே போன்ல நோட்ஸ்ல போட்டு வச்சேனேடா" என்றார். அந்த நோட்ஸும் கிணற்றில்தான் கிடந்தது. பாட்டி கடைசியாக அனுப்பிய குரல் செய்திகள் அந்த பேக்கப்புக்குள் இருக்கின்றன. இன்றுவரை கேட்க முடியவில்லை.

இவ்வளவு கறாரான பூட்டு எதற்கு என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி.

வாட்ஸ்அப் செய்திகளுக்கு 2016-லேயே முழு என்க்ரிப்ஷன் வந்துவிட்டது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. ஆனால் அதே செய்திகள் பேக்கப்பாக டிரைவுக்குப் போகும்போது அந்தப் பாதுகாப்பு கூடவே போகவில்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான் இருந்தது. 2021 அக்டோபரில்தான் பேக்கப்புக்கும் அதே பூட்டைப் போட்டுக்கொள்ளும் வசதி வந்தது. அதைப் போட்டால், தகவல் போனை விட்டுக் கிளம்பும் முன்பே குழப்பி மாற்றப்பட்டுவிடும். டிரைவில் போய்ச் சேருவது சாவி இல்லாதவருக்கு வெறும் குப்பை.

அந்தச் சாவியின் ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 9 வரையிலான எண்ணோ, ஆங்கிலத்தில் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்தோ வரலாம். ஆக 16 வாய்ப்பு. 64 இடங்களுக்கும் 16-ஐ 16-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் வருவது 78 இலக்கம் கொண்ட எண். உலகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலும் தீராது.

சரி, 64 இலக்கத்தை யார் மனப்பாடம் செய்வது? அதனால்தான் பாஸ்வேர்டு என்ற இன்னொரு வழியும் தருகிறார்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. மனிதர்கள் வைக்கும் பாஸ்வேர்டு பலவீனமானது. நாலு இலக்க பின் நம்பர் என்றால் மொத்தமே 10,000 வாய்ப்புதான், கணினிக்கு அது கண் சிமிட்டும் வேலை. இவ்வளவு சின்ன ரகசியத்தை வைத்து அவ்வளவு பெரிய சாவியை எப்படிக் காப்பது?

ஒரு வழி, முயற்சிகளை எண்ணுவது. பெரிய சாவியை ஒரு பெட்டகத்தில் வைக்கிறார்கள். பிரித்துப் பார்க்க முயன்றாலும் ரகசியத்தை விட்டுக்கொடுக்காதபடி செய்யப்பட்ட தனி வன்பொருள் அது. சரியான பாஸ்வேர்டு போட்டால் சாவியைத் தரும். சில தடவை தவறாகப் போட்டால் அந்தச் சாவியை யாருமே எடுக்க முடியாதபடி நிரந்தரமாக மூடிவிடும். பாஸ்வேர்டு என்னவென்று பெட்டகத்துக்கே தெரியாது, தெரியாமலே சரிபார்க்கும் விதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு தரவு மையம் படுத்துவிட்டாலும் சாவி தொலையக் கூடாதென்று ஐந்து மையங்களில் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டின் சொந்த பேக்கப்பும் 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து இதே உத்தியில்தான் நடக்கிறது. அங்கே ரகசியம் உங்கள் ஸ்கிரீன் லாக். புது போனில் ரீஸ்டோர் செய்யும்போது பழைய போனின் லாக்கைக் கேட்பது இதனால்தான்.

இன்னொரு வழி, ஒவ்வொரு முயற்சியையும் மெதுவாக்குவது. ஐபோனை வீட்டுக் கணினியில் பேக்கப் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கே எண்ணிப் பார்க்கப் பெட்டகம் கிடையாது. திருடியவன் கோப்பை நகலெடுத்துக்கொண்டு ஆயுள் முழுக்க முயன்றுகொண்டிருக்கலாம். அதனால் பாஸ்வேர்டைச் சாவியாக மாற்றும் முன் 1 கோடி தடவை திரும்பத் திரும்ப அரைக்கிறார்கள், ஆட்டிய மாவையே மறுபடி ஆட்டுவது போல. உங்களுக்கு ஒரே ஒரு தடவை என்பதால் தெரியாது. திருடனுக்கோ ஒவ்வொரு ஊகத்துக்கும் அத்தனை அரைப்பு. ஊகத்துக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் நாலு இலக்க எண் மூன்று மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். சின்ன ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து, ஒழுங்கே இல்லாத எட்டு இடங்கள் என்றால் ஏறத்தாழ 89,000 ஆண்டுகள். வேகமான கருவிகள் வைத்திருப்பவன் இதைக் குறைப்பான், அதனால் இன்னும் நீளமாக வைப்பது நல்லது. ஐபோனில் இந்த என்க்ரிப்ஷனைப் போடாமல் கணினியில் எடுத்தால், சேமித்த பாஸ்வேர்டுகளும் உடல்நலத் தகவல்களும் பேக்கப்பில் ஏறவே ஏறாது. பலரும் இதைக் கவனிப்பதில்லை.

பூட்டு இருக்கட்டும், உள்ளே பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவு முக்கியம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கென்று பல ஏற்பாடுகள் இருந்தன. முக்கியமான ஒன்றில் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், "பேக்கப் முடிந்தது" என்று போன் காட்டுவதை மட்டும் நம்பி நாம் இருக்கலாமா?

அப்புறம் சித்தப்பாவுக்குப் புதுச் சாவி எடுத்தோம். நாலு நாலாக 16 கூட்டங்கள். சித்தி ஒரு நோட்டில் பேனாவால் எழுதி, பீரோவில் நிலத்துப் பட்டாவோடு வைத்தார். நான் விடவில்லை. வீட்டில் சும்மா கிடந்த பழைய போனில் அதே நம்பரைப் போட்டு, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஏற்கவில்லை. மறுபடி தட்டினேன், ஏற்கவில்லை. சித்தி நோட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்பதாவது கூட்டத்தில் சின்ன 'பி' ஒன்று 6 மாதிரியே விழுந்திருந்தது. மாற்றித் தட்டியதும் அரட்டைகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. சித்தி அந்த எழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக எழுதி வட்டம் போட்டார்.