குடும்ப வழக்கும் தொலைந்த சாட்சியமும்

"மிஸ், எல்லாம் அந்தப் பழைய போனுக்குள்ளதான் இருந்தது. டிஸ்பிளே உடைஞ்சு போச்செண்டு கடையில குடுத்திட்டுப் புதுசு எடுத்திட்டன்."

பிள்ளைக்குச் செலவுப் பணம் கேட்கும் தாபரிப்பு வழக்குக்காக வந்த ஒரு தங்கச்சி சொன்னது இது. கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை செய்துவிட்டு வந்து இப்போது கொழும்பில் இருக்கிறார். பிள்ளைக்கு ஒரு சதமும் தர மாட்டேன் என்று அவர் தன் வாயாலேயே சொன்ன குரல் பதிவு அந்தப் போனில் இருந்ததாம். என்னிடம் வரும்போது அந்தத் தங்கச்சியின் கையில் இருந்தது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்த அறுபதுக்கு மேற்பட்ட ஸ்கிரீன்ஷொட்கள். கோபமான வரிகளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். ஒன்றிலும் தொலைபேசி இலக்கம் இல்லை. மேலே "அவர்" என்று மட்டும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் குடும்ப வழக்குகள் செய்யும் என்னைப் போன்ற சட்டத்தரணிகளுக்கு இது வாராவாரம் நடக்கிற விஷயம். (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.) உண்மை அவர்கள் பக்கம் இருக்கும். ஆனால் அதைக் காட்டக்கூடிய பொருள் வழக்குக்கு முன்பே கை நழுவிப் போயிருக்கும்.

அந்த அச்சுத் தாள்களை அப்படியே கொடுத்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்ன கேட்பார்? இந்த இலக்கம் யாருடையது? அனுப்பியது என் கட்சிக்காரர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இதற்கு முதல் வரியில் நீங்கள் என்ன எழுதினீர்கள், அதை ஏன் வெட்டினீர்கள்? மூன்றாவது கேள்விதான் ஆளை விழுத்தும். நீங்களும் கோபத்தில் ஏதோ எழுதியிருப்பீர்கள்; அது பரவாயில்லை, நீதிபதிகளுக்கும் குடும்பச் சண்டை எப்படி இருக்கும் என்று தெரியும். மறைத்ததாகத் தெரிந்தால்தான் மிச்சம் எல்லாவற்றிலும் சந்தேகம் விழுகிறது. ஆகவே உரையாடலை முழுதாக வைத்திருங்கள். உங்களுக்குப் பாதகமான வரிகளையும் அழிக்காதீர்கள். போனை மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் கடையில் கொடுக்காமல் அலுமாரியில் வையுங்கள். இலக்கம் அவருடையதுதான் என்று காட்ட அதே உரையாடலே உதவும்: பிள்ளையின் பிறந்தநாளுக்கு அனுப்பிய வாழ்த்து, காசு போட்ட துண்டின் படம், தன் முகம் தெரிய எடுத்து அனுப்பிய ஒரு படம். சண்டை வரிகளைவிட இந்தச் சாதாரண வரிகள்தான் பல வழக்குகளில் எனக்குக் கைகொடுத்திருக்கின்றன.

இன்னொன்று, நேரம். ஒலிப்பதிவு, வீடியோ, கணினியில் உள்ள தரவு போன்றவற்றை முன்வைப்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. அதன்படி விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்குக் குறையாமல் மற்றத் தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர்கள் கேட்டால் பார்வையிடவும் விட வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தில் வேறு ஏற்பாடு உண்டு. எந்த வழியால் போவது என்பது சட்டத்தரணி முடிவெடுக்க வேண்டியது. ஆனால் விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் "மிஸ், ஒரு வொய்ஸ் இருக்கு" என்று வந்தால் எந்தச் சட்டத்தரணியும் திண்டாடத்தான் வேண்டும். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கணவன் மனைவிக்குள் பேசியதைக் கோட்டில் சொல்லலாமா என்று பலர் தயங்குகிறார்கள். சாட்சியக் கட்டளைச் சட்டம் அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்புத் தருகிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையிலேயே வழக்கு என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்காக மற்றவரின் போனை இரவில் எடுத்துக் கடவுச்சொல்லை உடைத்துத் தேடுவது வேறு கதை. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தில் அனுமதியில்லாமல் உள்நுழைவது குற்றம். கள்ள உறவைப் பிடிக்கப் போய்த் தானே குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியாக நிற்க வேண்டி வரலாம்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண் டொக்டரிடம் சொல்வது: "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்." பக்கத்தில் கணவர் நிற்பார், அல்லது மாமியார். பிள்ளைகளை நினைத்து, ஊர் வாயை நினைத்து அப்படிச் சொல்கிறார்கள். அதை நான் குறையாக எடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி ஆஸ்பத்திரிக் குறிப்பில் அன்றைய திகதியோடு ஏறிவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து விவாகரத்து வழக்கிலோ, 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கும்போதோ, எதிர்த்தரப்பு அந்தக் குறிப்பைத்தான் தூக்கிப் பிடிக்கும். டொக்டரிடமோ தாதியிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்துப் பதிவு செய்வார். பொய் சொல்லிவிட்டு வந்தவர்களும் மனம் தளர வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சாட்சிக் கூண்டில் விளக்கலாம். அடுத்த நாளே அழுது சொன்ன அக்காவையும், சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரரையும் அழைக்கலாம். ஆனால் அவர்கள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும்தான் சொல்ல வேண்டும். "ஊருக்கே தெரியும்" என்பது சாட்சியம் ஆகாது.

சீதன விஷயத்தில் யாழ்ப்பாணத் தமிழரான எங்களுக்கென்று தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் இருக்கிறது, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. காணி, வீடு என்றால் உறுதி பேசும். டொனேசன் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுத்த காசும் நகையும்தான் பிரச்சினை. அதற்கு ஒருவரும் துண்டு எழுதுவதில்லை. "சம்பந்தி வீட்டில ரசீது கேக்கிறதோ?" என்பார்கள். ஒரு வழக்கில் கலியாண வீடியோவை முழுதாக இருந்து பார்த்தோம். தாலிக்கொடியும் காப்புகளும் அதில் தெளிவாகத் தெரிந்தன. பிறகு அவற்றில் பாதியைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்த சீட்டு ஒன்றைத் தாயார் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துத் தந்தார்.

வெளிநாட்டுக் காசும் இப்படித்தான். வங்கியால் வந்தால் புத்தகத்தில் இருக்கும். வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம் அனுப்பும் உண்டியலால் வந்தால் ஒரு தடயமும் இல்லை. அன்றன்று வந்த தொகையை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைத்த ஒரு அம்மாவின் கணக்கு, கணவரின் உழைப்பைக் காட்ட நிறைய உதவியது. வழக்கு வந்த பிறகு ஒரே பேனையால் ஒரே இருப்பில் எழுதிய கொப்பிகளையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

1995 போர்க்கால இடப்பெயர்விலும் அதற்குப் பிறகு வன்னியிலும் பெட்டியோடு எல்லாம் போனவர்கள் பலர். விவாகச் சான்றிதழ் தொலைந்தால் பதிவு இருக்குமா என்று முதலில் பிரதேச செயலகத்தில் தேடிப் பாருங்கள். பதிவே செய்யாமல் தாலி கட்டியவர்களும் கைவிடப்பட்டவர்கள் இல்லை. வழமைப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றம் ஏற்கும். சடங்கு நடத்திய ஐயர், வந்திருந்த உறவினர், பெற்றோர் விவாகமானவர்கள் என்று பதிந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டை எல்லாம் சேர்ந்து பேசும்.

பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு தாய் எட்டு வயது மகனை இருத்தி, "அப்பாட்ட போக விருப்பமோ, அம்மாவோட இருக்க விருப்பமோ" என்று கேட்டுப் பதிவு செய்து கொண்டுவந்தார். ஏழு நிமிடத்தில் அதே கேள்வி ஐந்து தரம். நாலாவது தரம் பிள்ளை அழத் தொடங்குகிறது. தாய்க்கு அது தன் பக்கச் சாட்சியமாகப் பட்டது. எனக்குப் பிள்ளையின் குரல் மட்டுமே கேட்டது. அதை நாங்கள் முன்வைக்கவில்லை. பிள்ளையிடம் கேட்க வேண்டியதை நீதிபதி தன் அறையில் தனியாகக் கேட்டுக்கொள்வார் என்று தாய்க்கு விளங்கப்படுத்தினேன். அதற்குப் பதிலாகப் பாடசாலை வரவுப் பதிவேட்டையும், கிளினிக் கொப்பியையும், பெற்றோர் கூட்டங்களுக்குத் தாய் வந்ததைச் சொல்லக்கூடிய வகுப்பாசிரியரையும் சாட்சிப் பட்டியலில் சேர்த்தோம்.