நீல இலைச் செடி: விதைப் பாக்கெட்டை நம்பிக் காசு கட்டாதீர்கள்

இலையெல்லாம் நீலம், கிளை நுனியில் பிரஷ் மாதிரி வெள்ளைப் பூ. இந்தப் படத்தைப் போட்டு ஆன்லைனில் விதை விற்கிறார்கள். செடி உண்மைதான்: ஃபாதர்கில்லா. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வளரும், குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் புதர். நீலத்துக்குப் பேர்போன 'ப்ளூ ஷேடோ' ரகம், 'மவுண்ட் ஏரி' என்ற பச்சை ரகத்தில் தானாக ஏற்பட்ட மாற்றம். அதைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) வைத்துத்தான் பெருக்குகிறார்கள். விதை போட்டால் அந்த நீலம் அப்படியே வராது. பாக்கெட்டை ஒதுக்க இதுவே போதும்.

செடியே கிடைத்தாலும் தஞ்சை, திருவாரூர் பக்கம் வைக்காதீர்கள். அதற்கு அமில மண் வேண்டும். நம் வண்டல் களிமண் பல இடங்களில் பிஎச் 7-க்கு மேல், அதாவது காரத்தன்மை. நாகைக் கரையோரம் உப்பும் சேரும். தொட்டியில் தென்னைநார்க் கழிவும் கந்தகமும் கலந்தாலும், பைகார்பனேட் மிகுந்த போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் காரமாகிவிடும். கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளானால், வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மண்ணைத் திருத்தலாம், மொட்டு விழிக்கத் தேவையான நீண்ட குளிருக்கு எங்கே போவது?

ஃபாதர்கில்லா இலையின் அந்த நீலம் ஒரு மெழுகுப் படலம்தான். அதே மாதிரி வாய்க்கால் கரை எருக்கிலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்: சாம்பல் பூத்த நீலம் அழிந்து, விரல் போன தடத்தில் வெறும் பச்சை தெரியும்.

இங்கே வைக்க நொச்சியைவிட நல்ல புதர் இல்லை என்பேன். இலையின் அடிப்புறம் நுண்ணிய மயிரால் வெளிறியிருக்கும். காற்றடித்தால் புதரே சாம்பல் நிறமாகப் புரளும். பூ நீலம் கலந்த ஊதா. ஆடி, ஆவணியில் பென்சில் கனமுள்ள, முற்றிய 20 செ.மீ. போத்தில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, சாய்த்து நடுங்கள். தலைகீழாக நட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டினால் குழப்பமில்லை. ஐப்பசி அடைமழையில் நீர் தேங்கினால் இளம் வேர் அழுகும். ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி கட்டாயம். வேலியாக வைத்தால் செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி. நிழலில் பூ குறையும். யூரியா அள்ளிப் போட்டால் தண்டு நீண்டு சாயும். குழிக்கு ஒரு கூடை மக்கிய எரு போதும். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால், மழை ஓய்ந்த தை, மாசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். ஆடு மாடு வாய் வைக்காது.