உடைந்த கிரேயானை வீசாதீர்கள், அடுப்பை மட்டும் பேரப்பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்

பினாங்கில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பிள்ளைகளைப் பழக்குபவராக வேலை பார்க்கிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை என்னிடம் கூட்டி வருவது பெரும்பாலும் தாத்தா பாட்டிகள்தான். "மிஸ், வீட்டில் இவனை என்ன செய்ய வைப்பது? எந்நேரமும் ஹேண்ட்போன்தான்" என்பார்கள். உடைந்த கிரேயான் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். அது இல்லாத வீடு ஏது, பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தால் கொட்டும். அவற்றை உருக்கி அச்சில் ஊற்றினால் புதுக் கிரேயான் ஆகிவிடும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லாத் துண்டையும் உருக்கத் தேவையில்லை. நீளமான கிரேயானைச் சின்னப் பிள்ளை கைமுட்டிக்குள் வைத்துக் குத்திப் பிடிக்கும். கட்டைவிரல் நீளத்துக்கும் குறைவான துண்டை அப்படிப் பிடிக்க இடமே கிடையாது, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தானாகச் சேர்ந்துகொள்ளும். பென்சில் பிடிக்க வேண்டியதும் இப்படித்தான். அதனால் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைக்குச் சில துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை உருக்குங்கள். மூன்று வயதுக்குக் கீழ் இருந்தால் துண்டே கையில் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கிவிடும்.

மிச்சத் துண்டுகளின் காகிதத்தை உரிப்பதுதான் என் கணக்கில் இந்த வேலையின் சிறந்த பகுதி. வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் காகிதம் இளகிவிடும், அப்புறம் பிள்ளையே நகத்தால் கிள்ளி உரிக்கட்டும். அவசரப்பட்டு நீங்கள் உரித்துக் கொடுத்துவிடாதீர்கள், விரல் நுனிக்குப் பலம் வருவதே இந்தக் கிள்ளலில்தான். உரித்ததை நிறம் பார்த்துப் பிரிப்பதும் அவர்கள் வேலை. எல்லா நிறத்தையும் ஒன்றாக உருக்கினால் கடைசியில் சேற்று நிறம்தான் வரும், நீலத்தோடு பச்சை, சிவப்போடு மஞ்சள் என்று சேர்த்தால் அழகாக இருக்கும். ஆயில் பாஸ்டல் கலந்திருந்தால் ஒதுக்கி வையுங்கள், அதில் எண்ணெய் இருப்பதால் ஆறினாலும் சரியாக இறுகாது.

இனி அடுப்பு. இது முழுக்கப் பெரியவர் வேலை, பிள்ளை மேசையிலேயே உட்கார்ந்திருக்கட்டும். கிரேயான் என்பது நிறம் சேர்த்த பாரஃபின் மெழுகு, ஏறத்தாழ 50 முதல் 65 பாகை செல்சியஸில் உருகிவிடும். பழைய மைலோ டின்னில் துண்டுகளைப் போட்டு, அந்த டின்னை நீர் உள்ள சட்டியில் வைத்துச் சிறு தீயில் சூடாக்குங்கள். சட்டியில் நீர் இருக்கும்வரை மெழுகின் சூடு 100 பாகையைத் தாண்டாது. நேரடியாகத் தீயில் வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போய், 200 பாகையை ஒட்டி மெழுகின் ஆவியே தீப்பிடிக்கலாம், அதனால் நீர் வற்றவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். அப்படியே பிடித்துவிட்டாலும் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ குபீரென்று மேலே எழும்பும். கேஸை அடைத்து மூடி போட்டு மூடுங்கள்.

ஊற்றுவதற்கு சிலிக்கோன் அகர் அகர் அச்சு போதும். ஒரு முறை மெழுகு ஊற்றிய அச்சைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பாட்டியின் பாவுலு அச்சை எடுக்கவே வேண்டாம், அது பலகாரத்துக்கே இருக்கட்டும். டின்னில் மிஞ்சியதை சிங்கில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும், காகிதத்தில் ஊற்றி ஆறியபின் குப்பையில் போடுங்கள்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் அதிகம் வலியுறுத்துவேன். சூடான மெழுகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும், குழந்தையின் தோலோ மெல்லியது. உடனே குழாய் நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடாதீர்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். பற்பசை, கிச்சாப், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் இன்னமும் முதலில் கை போவது பற்பசைக்குத்தான், தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். முகம், கை, மூட்டு போன்ற இடங்களில் பட்டாலோ, கொப்புளம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய காயமென்றால் 999.

தீபாவளிக்கு இதையே மெழுகுவர்த்தி ஆக்கலாமா என்று கேட்கிறார்கள். சரியாக எரியாது, நிறப்பொடி திரியை அடைத்துவிடும். தடித்த வட்டங்களாக வார்த்து வரைவதற்கே வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலியால் மெல்லிய கிரேயானைப் பிடிக்க முடியாத பாட்டிக்கும் அந்தக் கனம் கைக்கு வசதியாக இருக்கும். பெரிய தாளில் பாட்டி புள்ளி வைத்துக் கோலம் இழுக்கட்டும், உள்ளே நிறம் தீட்டுவதைப் பேத்தி பார்த்துக்கொள்வாள்.